மலவாய் எங்கே

சால்மன் வலையிலிருந்து சுரண்டியதை
ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு அனுப்பியிருந்தான் ஹோக்னி.
மூடியின்மேல் மார்க்கர் பேனாவில்:
"பாசி. எதைத் தெளித்தால் சாகும்?"

ஃபாரோ தீவுகளில் ஜூன்.
இரவு பத்தரைக்கும் ஜன்னலில்
அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் வெளிச்சம்.
சுன்னேவா ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டுக்
குனிந்தாள்.

பாசி இல்லை.
படரும் கொடியிலிருந்து ஒரு காம்பு,
காம்பின் நுனியில் கிண்ணம்,
கிண்ணத்தின் விளிம்பில் உணர்கொம்புகள், பதினாறு.
எண்ணி முடிப்பதற்குள் தலையாட்டியது.
யாரும் எதுவும் கேட்காதபோதே
ஆமாம் ஆமாம் என்று
கொடி முழுக்கத் தலையாட்டல்.

இதே சாயலில் இரண்டு குலங்கள் உண்டு.
இரண்டுக்கும் கொம்பு வளையம்,
இரண்டுக்கும் லாடம்போல் வளைந்து
வாய்ப்பக்கமே திரும்பிவரும் குடல்.
ஒரு காலத்தில் ஒரே பெயரில்தான் கிடந்தன.
பிறகு யாரோ கூச்சமில்லாமல் கேட்டார்கள்:
மலவாய் எங்கே?
வளையத்துக்கு உள்ளே என்றால் ஒரு தொகுதி.
வெளியே என்றால் இன்னொன்று.

இதற்காகப் பெரிய மீசைக்காரர்கள்
பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டிருப்பார்கள்
என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

ஊசி முனையால் தொட்டாள்.
மற்றதாக இருந்தால் மொத்த வளையமும்
சட்டென்று உள்ளே இழுபட்டு, கதவும் சாத்திக்கொள்ளும்.
இது எங்கும் ஓடவில்லை.
காசை மறைக்கும் குழந்தைபோல்
விரல்களை மடக்கிக்கொண்டது.

சிவப்புத் தூள் ஒரு துளி.
தூள் பக்கவாட்டில் வந்தது, கொம்புகளுக்கு இடையே நுழைந்தது,
நடுவிலிருந்து மேலே எழும்பியது,
புகைபோக்கிப் புகை மாதிரி.
காத்திருந்தாள். கழுத்து வலித்தது.
பதினொன்று இருபதுக்கு
வளையத்தின் நடுவே சின்னதாக ஒரு கூம்பு நிமிர்ந்து
கரிய உருண்டை ஒன்றை
அந்தப் புகையில் விட்டது.

உள்ளே.

ஹோக்னிக்குச் செய்தி அனுப்பினாள்:
"பாசியல்ல, விலங்கு. மலவாய் உள்ளே."
பதில் உடனே வந்தது: "யாருக்கு?"
அடுத்து இன்னொன்று:
"மண்டபத்தில் ஆடுகிறோம். வருகிறாயா?"

திறந்த ஜன்னல் வழியே ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது.
வாத்தியம் கிடையாது. மரத்தரையில் கால்கள் மட்டும்,
இடப்பக்கம் இரண்டடி, வலப்பக்கம் ஒன்று,
நூறு பேர் தொண்டையில் ஒரு பழைய கொலைக்கதை.

சேர்வதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம்.
கோத்த இரு கைகளைப் பிரித்து நடுவே நின்றால் போதும்.
கூட்டம் அதிகமானால் வளையம் சுவரில் முட்டி
உள்ளுக்குள் மடியும், மறுபடி மடியும்.
எதிரே வரும் முகம்
அதே வரிசையில்தான் இருக்கிறது.
எது உள், எது வெளி என்று
அவள் ஒருமுறை நின்று பார்க்க முயன்று
பின்னால் வந்த ரொட்டிக்கடைக்காரரிடம் மிதி வாங்கினாள்.

"கை என்ன இப்படி நாறுது?" என்றான் ஹோக்னி.
"ஃபார்மலின்."
அவன் விடவில்லை.

டப்பாவுக்குள்,
விளக்கணைத்த அறையில்,
ஆமாம் ஆமாம்.