மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை

போஸ்னானின் பனியில் டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு
ஒரு மணிக்கு வருகிறான் லெஷெக்.
சீருடையைக்கூடக் கழற்றவில்லை.
புல்மாவைக் கரைத்து
ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி
மடியில் துண்டு விரித்து
கினிப்பன்றியைச் சுருட்டிக்கொள்கிறான்.

கடைவாய் ஓரமாய் ஒரு சொட்டு.
மென்றால்தான் அடுத்தது.
வயிற்றைத் தட்டினால்
தர்பூசணிச் சத்தம்.

என்ன கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது
ரொட்டி ஓரம், முட்டைக்கோஸ், பிஸ்கட் தூள் என்றான்.
தன் சாப்பாட்டைத்தான் ஒப்பித்திருக்கிறோம் என்று
படியிறங்கும்போது உறைத்தது.
"உலர்புல்," என்றிருந்தார் அவர்,
"அப்புறமும் உலர்புல்."

வெள்ளிக்கிழமை ஈகா வருவாள்.
வாரத்தில் இரண்டு நாள் மகள்.
மற்ற ஐந்து நாளும்
அவள் விட்டுப்போன இந்த
எழுநூறு கிராம்.

நாலு மணிக்கு மறுபடி அலாரம்.
இரண்டு விரலால் வயிற்றை
வட்டவட்டமாய்த் தடவுகிறான்.
ஏதாவது பேச வேண்டும்போல் இருக்கிறது.
தெரிந்தது நிறுத்தங்களின் பெயர்கள்தான்,
வரிசையாகச் சொல்கிறான்,
கதவு மூடும் இடைவெளி விட்டு.

கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு முன்னால்
துண்டில் ஒன்று.
மிளகைவிடக் கொஞ்சம் நீளம்.
கைபேசி வெளிச்சத்தில் புரட்டிப் பார்க்கிறான்.

படம் எடுத்து மகளுக்கு அனுப்புகிறான்,
நாலேகாலுக்கு,
ஒரு வார்த்தையும் எழுதாமல்.