பத்துப் புலங்களில் ஏழு

ஜன்னலுக்குக் கீழே உம்பிலோ சாலை.
ஒரு பேருந்து பெருமூச்சு விட்டு நிற்கிறது.
லென்ஸுக்குக் கீழே குமுதவல்லி நாயக்கர்,
வயது நாற்பத்துமூன்று, ஃபீனிக்ஸ்.
பள்ளி வேன் ஓட்டுகிறவர் என்று
யாரோ படிவத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள்,
எனக்குத் தேவைப்படும் என்று நினைத்து.

கருப்பைத் தசைக்குச் சுருண்டு ஓடத்தான் தெரியும்.
ஓடுகிறது.
நடுவில் ஒரு செல்
இரண்டாகப் பிரிகிற அவசரத்தில் பிடிபட்டிருக்கிறது.
எண்ணுகிறேன்.
நாலு என்றால் நிம்மதியாகக் கையெழுத்து.
பத்து என்றால் கை நடுங்காமல் கையெழுத்து.
தேநீர் ஆறி ஆடை படியும்வரை
திரும்பத் திரும்ப எண்ணினேன்.
ஏழு.

சாயங்களைக் கேட்போம் என்றேன்.
நொன்லான்லா மின்வெட்டு அட்டவணையைப் பார்த்தாள்:
"நாலரைக்குள் ஏறினால் இன்றைக்கு. இல்லையென்றால் நாளைக்கு."

பி பதினாறு
கண்ணாடி முழுக்கப் பழுப்பு. எனக்குப் பிடிக்கவில்லை.
கி அறுபத்தேழு நூற்றுக்குப் பன்னிரண்டு;
அரசியல்வாதி மாதிரி ஒரு பதில்.
பி ஐம்பத்துமூன்றின் சட்டம் விசித்திரமானது:
எல்லா உட்கருவும் பழுத்திருந்தால் கேடு,
ஒன்றுகூடப் பழுக்காத வெறுமையும் கேடு.
சிமென்ட் தரையில் மழை தொடங்குமே,
அங்கொன்றும் இங்கொன்றுமாய்,
அப்படி இருந்தால் பிழைப்போம்.

மழை தொடங்கியிருந்தது.

ஜோகன்னஸ்பர்க்குக்குப் போன துண்டு
மூன்று வாரம் கழித்துப் பேசியது.
சாதுவான கட்டிகள் பலவற்றில்
மெட் பன்னிரண்டில் ஓர் எழுத்துப் பிழை இருக்கும்.
வாழ்நாளில் முதன்முறையாக
ஒரு பிழைக்காக வேண்டிக்கொண்டிருந்தேன்.
பிழை இல்லை என்று வந்தது.
இல்லை என்பது எதையும் நிரூபிக்காது.

நோயாளிகள் இந்த எண்ணுக்கு அழைப்பதில்லை.
அவர் அழைத்தார்.
ஆங்கிலத்தில் வந்துகொண்டே இருந்தவர்
ஓரிடத்தில் நின்று,
"டாக்டர், சும்மா கட்டிதானே?" என்றார்.
கரும்புக்கு வந்த கப்பலிலிருந்து
ஐந்து தலைமுறை தாண்டி
அவர் வீட்டில் மிஞ்சிய சொற்கள்
ரசம், சாமி, சும்மா, கட்டி.

நல்லதென்று சொல்ல முடியவில்லை,
கெட்டதென்றும் சொல்லமாட்டேன்,
ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்,
உங்கள் மருத்துவர் விளக்குவார் என்றேன்.
அந்தப் பக்கம் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு கேட்டார்:
ஜூலை லீவு முடிந்ததும் வேன் உண்டா என்று
பிள்ளைகளின் அம்மாக்கள் நச்சரிக்கிறார்கள்,
என்ன சொல்ல?

உண்டு என்று சொல்லுங்கள்.

அதற்கு மட்டும்
எந்தச் சாயத்தையும் நான் கேட்கவில்லை.