எட்டாம் கூடு

மூன்றாம் கூட்டுச் சுட்டெலிக்கும்
எட்டாம் கூட்டுச் சுட்டெலிக்கும்
இனம் ஒன்று, தீன் ஒன்று,
பாயிஸா விரிக்கும் மரத்தூளும் ஒன்று.
இரண்டுக்கும் மார்பில் கட்டி.
பதிவேட்டில் "இழந்தது" என்றொரு கட்டம்,
அதில் மட்டும் வேறு வேறு பெயர்.

அந்தச் சொல்லை
மட்டக்களப்பில் உரத்து வாசிக்கக் கூடாது.
யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

கரண்ட் வந்து மெழுகு இளகும்வரை
வாவிப்பக்க யன்னலில் நின்றேன்.
பிறகு பதித்து, குளிரவிட்டு,
நாலு மைக்ரோனில் சீவி
வெந்நீரில் மிதக்கவிட்டு
ஊதாவும் இளஞ்சிவப்பும் ஏற்றி
நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன்.

மூன்றாம் கூடு,
முறிவைத் திருத்தும் பரம்பரையலகை இழந்தது.
பெருநாளுக்கு முதல்நாள் கடைத்தெருபோல
கலம்மேல் கலம் ஏறி நெரிக்கிறது.
நடுவில் செத்த திட்டு.
ஹோர்மோன் வந்து தட்ட
ஒரு கதவுமில்லை.

எட்டாம் கூடு,
ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பசையை இழந்தது.
கைவிட்ட கலங்கள்
நார்களுக்கிடையே
ஒன்று,
அதன் பின்னால் ஒன்று,
அதன் பின்னால் ஒன்று.
விரலுக்குச் சரியாக அகப்படாத கட்டி.

பாயிஸா மூதூரில் பிறந்தவள்,
ஏறாவூரில் கலியாணம் முடித்தவள்.
குனிந்து ஒரு கண்ணை வைத்தாள்.
"நாங்க நடந்து வந்த மாதிரிக் கிடக்கு"
என்றாள்.
தண்ணிப் போத்தல் மாற்றப் போய்விட்டாள்.
அன்றைக்கு வேறொன்றும் கதைக்கவில்லை.

எலி மனுசி இல்லை.
கலாநிதி மதிவதனா வாரத்துக்கு ஒருமுறையாவது
இதைச் சொல்லுவார்,
நானும் தலையாட்டுவேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில்
வாழைச்சேனைக்காரி ஒருத்தி மறித்தாள்.
மடியில் மீன் வாசம், கையில் துண்டு.
"கட்டியெண்டா எல்லாம் ஒண்டுதானே தங்கச்சி?
என்ர அக்காக்கு வந்ததும் இதுதானே?"
பதில் சொல்லும் உத்தியோகம் எனக்கில்லை.
அடுத்த கிழமை வாங்கோ என்றேன்.
அவள் போகாமல்
என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது அவளுடைய துண்டு
மெழுகுக்குள், என் கத்திக்கு முன்னால்.
இலக்கம் மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை.
கூட்டமாய் நெரிக்குமோ,
வரிசையாய் நடக்குமோ,
இரண்டுமில்லாத இன்னொன்றோ.

முதல் சீவல் சுருண்டுவிட்டது.
எறிந்துவிட்டுக்
கத்தியைத் துடைக்கிறேன்.