சுமை குறைந்தவர் இறங்க வேண்டும்

எழுபது சிசி ஹோண்டா கப்சாய்,
சாலை வரி செத்து ஆறு வருசம்.
ஆசீர்வாதம் அதன் டயர் இரண்டையும் கழற்றி
என் கையில் கொடுத்தார்:
"வச்சிரு பவுனு, ஒருநாள் ரோட்டுக்கு வரும்."
கோழிக்கூண்டின் மேல் போட்டு வைத்தேன்.

பழைய குலைவண்டியின் இரும்புச் சட்டம்.
நடுவில் மோட்டாரைக் குந்த வைத்து
செயினை அச்சோடு கோத்து
ஹேண்டலை வெல்டிங் வைத்து இறுக்கிவிட்டார்.
"தண்டவாளத்துல உனக்கு எதுக்குத் திருப்பம்?
அது திரும்புனா நீ திரும்புவே."
பிரேக் என்பது ஒரு ரப்பர்க்கட்டை,
என் வலது கால்,
அதற்கும் மேலே முனியாண்டி.

மூன்றாம் டிவிஷனுக்கு ரோடு உண்டு.
மழைக்காலத்தில் அது
ஆபீஸ் சுவரிலுள்ள வரைபடத்தில் மட்டும் ஓடும்.
லோரி புதைந்த இடத்தில் டிராக்டர் புதைந்தது,
டிராக்டர் புதைந்த இடத்தில்
பிள்ளைகள் கெளுத்தி பிடித்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது சென்.
டவுனுக்கு இரண்டு வெள்ளி, கேஸ் தோங்குக்குத் தனி.
பிரசவ வலிக்குக் காசில்லை;
திரும்பும்போது பிள்ளையோடு வந்தால்
வாங்கிக்கொள்வேன்.

ஒற்றைத் தடம்.
எதிரே இன்னொரு வண்டி வந்தால்
யாரும் எழுதி வைக்காத ஒரே சட்டம்:
சுமை குறைந்தவர் இறங்க வேண்டும்.
வண்டியைத் தூக்கிப் புல்லில் வைத்து
மற்றதை விட்டு
மறுபடி ஏற்ற வேண்டும்.
தூக்க ஒரு கை கொடுப்பது சுமை கூடியவர் பொறுப்பு.

எதிரே வருவது பெரும்பாலும் மொபாரக்.
குமில்லாக்காரன், யமஹா.
அரை டன் செம்பனைக் குலையோடு
தூரத்திலேயே சிரித்துக்கொண்டு வருவான்.
தவணையில் எடுத்த வாஷிங் மெஷினோடு
மூன்று முறை இறங்கியிருக்கிறேன் நான்.

ஒருநாள் சிரிக்காமல் வந்தான்.
வண்டியில் அவன் ஊர்க்காரன் ஒருவன்,
வெள்ளைத் துணியில், நீளமாக.
என்னிடம் பன்னிரண்டு மூட்டை உரம்.
எடைக் கணக்கில் அவன்தான் இறங்க வேண்டும்.
இறங்கவும் தொடங்கினான்.
நான் முதல் மூட்டையைப் புல்லில் போட்டேன்.
பன்னிரண்டையும் போட்டேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் காலை என் செயினுக்கு
யாரோ கறுப்பு எண்ணெய் விட்டிருந்தார்கள்.

பிறகு தோட்டம் கை மாறியது.
புது மேனேஜர் தடத்தைப் பார்த்தார்,
இரும்பு கிலோ என்ன விலை என்றார்.
டவுன் பழைய இரும்புக் கடை ஆ லோக்
கயிறு பிடித்து அளந்தான்.
அவன் லோரி உள்ளே வராது.
"நீ ஏத்திட்டு வா, நாளுக்கு எண்பது வெள்ளி."

கடைக்கோடியில் தொடங்கினோம்.
மொபாரக் போல்ட் கழற்ற, ஆசீர்வாதம் அறுக்க,
கழற்றிய தண்டவாளத்தைக்
கழற்றாத தண்டவாளத்தின் மேல் ஏற்றி வந்தேன்.
செவ்வாய்க்கிழமை கோயில் வரை தடம் இருந்தது.
அடுத்த வாரம் பிள்ளைகள்
பாலம் வரை சப்பாத்தைக் கையில் பிடித்து நடந்தார்கள்.
என் வீட்டு வாசலைக் கடக்கும் பகுதி
நூற்றெழுபது கிலோ.
நிறுத்தேன். கையெழுத்துப் போட்டேன்.
எதிரே இப்போது யாரும் வருவதில்லை,
வர அந்தப் பக்கம் எதுவும் இல்லை.

கடைசித் துண்டை எதன்மேல் ஏற்றுவது?
நாலு பேர் தோளில் தூக்கினோம்.
முன்னால் போன மொபாரக் திரும்பாமலே கேட்டான்,
எங்களிடம் படித்த தமிழில்:
"இப்ப யார் எறங்கணும் அக்கா?"

கூண்டின் மேல் ஒரு டயருக்குள்
கோழி முட்டையிட்டிருந்தது.
எடுத்துவிட்டு மாட்டினோம்.
ஹேண்டல் வெல்டிங்கை அரைத்து எடுத்தார் ஆசீர்வாதம்.

எண்பது வெள்ளியில் சாலை வரி கட்டி
டவுனுக்கு ஓட்டினேன்.
காப்பிக்கடை முனையில் முதல் வளைவு.
வண்டி நேரே போனது.
நானும் நேரே உட்கார்ந்திருந்தேன்,
வளைவே வளைத்துக்கொள்ளும் என்று.

வாய்க்காலிலிருந்து தூக்கிவிட்ட பாக் சுஹாய்மி
கண் தெரியவில்லையா என்று மலாயில் கேட்டார்.
தெரிந்தது என்றேன்.
முன்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது,
ஒரு கோழி இறகோடு.