உறவுமுறை

மழை நின்ற பிறகும் தகரம் சொட்டிக்கொண்டிருந்தது.
ஜெபமாலையில் மூன்றாம் பத்துமணி முடியவில்லை.
மோல்மேனில் இப்போது இரண்டு விதமாகத்தான் தட்டுகிறார்கள்:
கதவு உடைகிற மாதிரி,
கதவுக்கே கேட்காத மாதிரி.
இது இரண்டாவது.

சந்தியாகு எழுந்தார்.
எண்ணிய மணியை விரலில் பிடித்தபடியே
தாழ்ப்பாளை நீக்கினார்.

ஒரு பெண். இடுப்பில் தூங்குகிற பிள்ளை.
கன்னத்தில் காய்ந்து வெடித்த தனக்கா.
கையில், கால் கட்டிய ஒரு சேவல்.
பெயர் நோ எமூ. ஆற்றுக்கு மேலே
ஊர் இருந்தது என்றாள்.
அந்த 'இருந்தது'க்குப் பிறகு
எங்களுக்குக் கேட்க எதுவும் தோன்றவில்லை.

விருந்தாளி வந்தால் ஆண்டவரே வந்தார் என்று
சாமியார் பிரசங்கம் வைப்பார்.
வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது?
மாதக் கடைசியில் வராமலிருந்தால் போதும்.
பால் டின்னால் இரண்டு அளவு அரிசி, நாலு பேருக்கு.
தண்ணீரைக் கூட்டினேன், சோறு கஞ்சியானது.
ஙப்பியில் இன்னும் நாலு மிளகாய் நசுக்கினேன்,
காரம் ஏறினால் கொஞ்சமே போதும்.
பெரியவன் பசியில்லை என்றான்.
அன்றிரவு எங்கள் வீட்டில் முதல் பொய் அது.

அவள் சேவலை நீட்டினாள், கூலி மாதிரி.
இவர் வாங்கித் தையல் மிஷின் காலில் கட்டினார்.
"உன்னோடதுதான். இங்க நிக்கட்டும்."

பிறகு படிவம்.
வெளியாள் ஒரு ராத்திரி படுத்தாலும்
பத்துவீட்டுத் தலைவரிடம் எழுதிக் கொடுக்கவேண்டும்.
பெயர். அட்டை எண். எத்தனை நாள். உறவுமுறை.
கடைசிக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

இந்த மனுஷனைப் பற்றி நான் சொல்லவேண்டும்.
மிச்சத்தில் ஐம்பது கியாட் கூட வந்துவிட்டதென்று
மீன்காரியைத் தேடி மூன்று தெரு போனவர்.
அவளே சிரித்தாள், அந்த நோட்டுக்கு
இன்று ஒரு வெற்றிலை வராது.
பெண் பார்க்க வந்த அன்று, யாரும் கேட்காமலே,
தனக்கு இடது காது மந்தம் என்று சொன்னவர்.
கோவில் உண்டியல் கணக்கு இருபத்திரண்டு வருஷமாக
அவர் கையெழுத்தில்தான்.

கரண்ட் போனது. மெழுகுவர்த்தி பாதியானது.
பிள்ளை விழித்து, என் மடியில் ஏறி,
பழகிய இடம்போலக் காலை நீட்டித் தூங்கியது.
'ஒரு ராத்திரி போதும், விடிஞ்சதும் அனுப்பிடலாம்'
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
மடியில் அந்தக் கனம்.
விழுங்கிவிட்டேன்.

எழுதினார். நாலாய் மடித்தார்.
போய்க் கொடுத்துவிட்டு வந்து படுத்தார்.
என்ன எழுதினீர்கள் என்று கேட்கவில்லை.

மூன்று மணிக்கு
தையல் மிஷினடியில் சேவல் கூவியது.
அவர் எழுந்து உட்கார்ந்தார்.
"பேதுரு, தெரிஞ்சவரத் தெரியாதுன்னார்"
என்றேன் இருட்டில், நல்ல காதின் பக்கம்.
"நீங்க தெரியாதவளத்தான..."
"தூங்கு, கிளாரா."

விடிந்ததும் பத்துவீட்டுத் தலைவர் தலை எண்ண வந்தார்.
காகிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.
இவரை, இவருடைய கரிச்சட்டி நிறத்தைப் பார்த்தார்.
"தங்கச்சியா?"
"தங்கச்சி."
நான் கொடுத்த தேநீரை நின்றபடியே குடித்தார்.
போகும்போது, "ஜாடை இருக்கு" என்றார்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம்.
வாராவாரம் முதல் ஆளாய் முழந்தாளிடுகிறவர்
அன்றைக்கு வரிசையில் நின்றார்.
முன்னால் இரண்டு பேர். பிறகு ஒருத்தர்.
அருள்நிறை சொல்லி முடித்து நான் நிமிர்ந்தபோது
அவர் அங்கே இல்லை.

கோவில் வாசலில்
வாத்துமுட்டைக்காரியின் கூடையண்டை குந்தியிருந்தார்.
எப்போதும் நாலுதான் வாங்குவோம்.
ஆறாவதை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து
உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.