கருநீலம், அளவு நாற்பது

மூன்றாம் மாடியில் கழிப்பறைக்கு அடுத்த அறை.
கதவில் பெயர்ப்பலகை இல்லை. சாவி என் இடுப்பில்.
உள்ளே இருபத்தாறு கோட்டுகள்
தலையில்லாமல் தொங்கிக்கொண்டு
அடுத்த கழுத்துக்குக் காத்திருக்கின்றன.

டேட்டன் நகரத்தில்
வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாத ஆண்களை
விசாரணை நாள் காலையில் இங்கே கொண்டுவருவார்கள்.
சிறையின் ஆரஞ்சைக் கழற்றிப் போட்டுவிட்டு
செத்துப்போன யாருடையதையோ மாட்டிக்கொள்வார்கள்.
விதவைகள்தான் அதிகம் கொடுப்பது,
பைகளைத் துழாவிப் பார்க்காமல்.
பல்குத்தும் குச்சி, தேவாலயத் துண்டுச்சீட்டு,
ஒருமுறை ஒரு தங்கப் பல்.

வக்கீல் ஹாலொவே அம்மா எதையும் தொடமாட்டார்.
வாசலில் நின்று கண்ணாலேயே கழிப்பார்.
கறுப்பா? சாவுக்கு வந்தவன் மாதிரி இருக்கும்,
இல்லையென்றால் சாவைக் கொண்டுவந்தவன் மாதிரி.
பழுப்பு, வாய் திறக்கும் முன்பே பொய் சொல்லும்.
சாம்பல் பரவாயில்லை, அடிதடி வழக்குக்கு;
கணக்கில் கைவைத்தவனுக்கு மட்டும் ஆகாது.
"கருநீலம் கொடு, டோரியா.
கருநீலம் வரி கட்டும்.
கருநீலம் சனிக்கிழமை தவறாமல் புல் வெட்டும்.
பன்னிரண்டு ஜூரிகளில் ஒருத்தருக்காவது
மருமகனாகத் தெரியும்."

மார்ச் மாதம் பெட்டிஜான் வந்தான்.
கூரைகளுக்குத் தார் பூசுகிறவன்.
ஆளில்லாத வீட்டில் செப்புக் குழாய் உருவியதாக வழக்கு.
அவன் அக்கா வெர்னெட் முதல் நாளே வந்து
பிளாஸ்டிக் உறையை என் மேசைமேல் உரித்தாள்.
கத்தரிப்பூ நிறம்.
சும்மா கத்தரிப்பூ இல்லை,
வெளிச்சம் பட்டதும் திரும்பிப் பார்க்கிற கத்தரிப்பூ.
காலர் ஓரத்தில் பட்டு.
"பாடகர் குழு ஆண்டுவிழாவுக்கு எடுத்தான்.
இதிலேயே வரட்டும்" என்றாள்.

சொல்லிவிடுகிறேன்:
அந்தத் துணியைப் பார்த்த நொடியில்
குழாயை இவன்தான் எடுத்திருப்பான் என்று
எனக்குள் பதின்மூன்றாவது ஆளாக ஒருத்தி உட்கார்ந்தாள்.
இருபது வருடமாய் இந்தச் சாவியை வைத்திருக்கிறவள்.

அக்கா போனபின் பையைத் துழாவினேன், வழக்கப்படி.
உள்பையில் எட்டாய் மடித்த ரசீது.
பதினான்கு தவணை. வெள்ளிதோறும் இருபது டாலர்.
அடியில் கடைக்காரர் கையெழுத்தில்:
பாக்கி இல்லை.
என் அறையில் தொங்கும் இருபத்தாறில்
ஒன்றுக்குக்கூட ரசீது கிடையாது.

மடித்த மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தேன்.
கருநீலத்தை எடுத்தேன். அளவு நாற்பது.
போன வருடம் அதைப் போட்டிருந்தவன்
செய்தவன்தான்.
வீட்டுக்குப் போனான்.

பெட்டிஜானுக்குக் கை ஓர் அங்குலம் குட்டை.
தார் சுட்ட தழும்பு மணிக்கட்டில் எட்டிப் பார்த்தது.
"யாருடையது இது?"
"உங்களுடையது. நாலரை மணி வரைக்கும்."

காலையில் "நட" என்ற காவலர்
இப்போது "நடங்க" என்றார்.
பாருங்கள், நானும் மாறிவிட்டேன்:
அவர் எழுந்து நின்றார், அவர் தண்ணீர் குடித்தார்,
அவர் அந்த நீலத்துக்குள் சத்தமில்லாமல் இருந்தார்.
எதிரே அரசு வக்கீலும் கருநீலம்.
ஒரு கணம், யார் யார்மேல் வழக்குப் போட்டது என்று
எழுத்தர் தாளைப் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள்: குற்றமில்லை.
ஹாலொவே அம்மா நன்றாகத்தான் வாதாடினார்.
லிஃப்டில் ஏழாம் எண் ஜூரி, பூப்போட்ட கைப்பைக்காரி,
என்னிடம் சொன்னாள்:
"நேரக்கணக்கெல்லாம் எனக்குப் புரியவில்லை.
ஆளைப் பார்த்தாலே தெரியாதா?"

கழற்றிக் கொடுத்துவிட்டு
கத்தரிப்பூவை மாட்டிக்கொண்டான்.
தோள் அப்படியே பொருந்தியது.
வெர்னெட் காலரை நீவிவிட்டாள்.
படியிறங்கும்போது வெயில் இருந்தது,
முதல் மூன்று படிகளுக்கு அவன் பாடினான் என்றுகூட நினைக்கிறேன்.

பேருந்து நிறுத்தத்தில் ஏழாம் எண்.
நன்றி சொல்வதுபோல் தலையைச் சாய்த்தான்.
அவள் பூப்போட்ட பையை
அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு
பேருந்து வருகிறதா என்று பார்த்தாள்.
வரவில்லை.

கருநீலத்தின் அக்குளில் ஈரம்.
ஜன்னலோரம் காயப் போட்டிருக்கிறேன்.
செவ்வாய்க்கிழமை ஒருவர் வருகிறார், அளவு நாற்பத்திரண்டு.
பொத்தான் போடாமல் விட்டால் போதும்.