அடையாளம் தெரியாத பொருள்

ஆஸ்லோவில் அந்த பிப்ரவரியில்
என் மேசைக்கு வந்தது ஒரு மீன்பிடிப் படகு:
பதினாறு பக்கம், இரண்டு வரைபடம்,
ஈரம் பட்டுக் காய்ந்த ஒரு புகைப்படம்.

மூன்று பேர் போனார்கள். ஒருவன் மீண்டான்.
அவன் சொன்னது கோப்பில் நான்கே வரி.
வலை திடீரென்று கனத்தது.
பிறகு படகு பின்னால் நகரத் தொடங்கியது,
காற்றை மீறி, எஞ்சினை மீறி,
அடம்பிடிக்கும் மாட்டை இழுத்துப் போவதுபோல.

கடற்படைக்குத் தெரியும். அமைச்சருக்குத் தெரியும்.
மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எனக்கும் தெரியும்
அந்த வாரம் எங்கள் கடலுக்கடியில்
யாருடைய நீர்மூழ்கி திரிந்ததென்று.
எதிரியுடையதாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி!
அன்று மாலையே தூதரை வரவழைத்து
நிற்க வைத்தே பேசியிருப்போம்.
காப்பிகூடக் கொடுத்திருக்க மாட்டோம்.

இது நண்பர்களுடையது.
எங்கள் தாழ்வாரத்தில் அந்தச் சொல்லோடு
நாட்டின் பெயரைச் சேர்க்கும் வழக்கமில்லை.
ரேடார் தந்தவர்கள். எல்லைப் பனியில்
கூட நிற்பதாகக் கையெழுத்துப் போட்டவர்கள்.
இலையுதிர் காலத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும்.
இடித்தது நண்பன் என்பதால்
இடித்துரைக்க ஆளில்லை.

பிரிவுத் தலைவர் ஹால்வார்த் நல்ல மனிதர்,
கிழட்டு நாயைத் தோளில் தூக்கி மாடியேறுபவர்.
என் வரைவில் ஒரே ஒரு சொல்லை அடித்தார்.
'நீர்மூழ்கி' இருந்த இடத்தில்
பென்சிலால், பொடி எழுத்தில்,
'அடையாளம் தெரியாத பொருள்'.
"பொய் ஒன்றும் இல்லையே," என்றார்.

அவர் பென்சிலால் எழுதியதை
மையால் எழுதியது நான்.

ஜூனில் என்னையே அனுப்பினார்கள்
கடிதமும் காசோலையுமாக, வடகோடி ஸ்கார்வ்நெஸுக்கு.
அங்கே அப்போது இரவே கிடையாது,
முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

தோர்திஸின் வாசற்கதவு திறந்தே கிடந்தது.
காற்றில் சாத்திக்கொள்ளாமலிருக்க
கீழே ஒரு கறுப்பு ரப்பர் பலகை,
நான்கு விரல் தடிமன், ஓரமெல்லாம் பிய்ந்த பசை.
அதில் ஏழு இலக்க எண்.
நண்பர்களின் மொழியில் இரண்டே சொல்:
'இது வெளிப்பக்கம்'.

"வலையோடு வந்தது," என்றாள்.
"போலீஸில் வாங்க மாட்டேன் என்றார்கள்.
கதவுக்கு ஆகிறது. பார்த்து, தடுக்கும்."

கடிதத்தை அடுப்படியில் நின்றே படித்தாள்.
காசோலையைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.
பிறகு கடிதத்தை விட்டுவிட்டு வேறெதையோ பேசினாள்:

"ஓட்வார் ஒருமுறை எங்கள் வலையை அறுத்துவிட்டான்.
தெரியாமல்தான். அன்று ராத்திரியே வந்து சொன்னான்.
என் வீட்டுக்காரர் கத்திய கத்தில்
பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.
என் நீலத் தட்டு ஒன்று போயிற்று.
மறு வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து படகு வாங்கினார்கள்."

அந்தப் படகுதான். ஓட்வாரும் அதில்தான் இருந்தான்.
நான் காப்பியைக் குடித்து முடித்தேன்.

அக்டோபரில் கையெழுத்து, அதன்பின் விருந்து.
உப்பிட்டு உலர்த்திய காட் மீன்.
உப்பிட்டவரை நினைக்கலாம் என்றால்
உப்பிட்டவர் பெயர் உணவு அட்டையில் இல்லை.
'ஒளிவுமறைவற்ற நட்பு' என்று கோப்பை உயர்த்தினார்கள்.
அந்தத் தொடரும் என்னுடையதுதான்.

கோட்டு மாட்டும் இடத்தில் அவர்களின் தூதர்
என்னைத் தனியாகப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்:
"அந்தப் படகு விஷயம்.
பிப்ரவரியிலேயே பதில் எழுதி வைத்திருந்தோம்.
மன்னிப்பு என்ற சொல்லே இருந்தது அதில்.
நீங்கள் கேட்பீர்கள் என்று
கோடை வரை காத்திருந்தோம்.
கேட்கவே இல்லையே.
நீங்கள் விரும்பவில்லை போலும் என்று
கோப்பில் போட்டுவிட்டோம்."

என் கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தார்,
நண்பர் செய்வதுபோல.
கையை நுழைக்கப் போய் நின்றுவிட்டேன்.
எது வெளிப்பக்கம் என்று
சட்டென்று தெரியவில்லை.